எண்பதுகளின் பாப் ஆல்பம் டீலக்ஸ் பெட்டியில் திரும்பி வரும்போது: வாங்குவது முதல் கேட்பது வரை

பல வருடங்களாகக் கேட்டுப் பழகிய ஒரு ஆல்பம், ஒருநாள் தடித்த அட்டைப்பெட்டியில் நான்கைந்து தட்டுகளோடு மறுபடி கடைக்கு வருகிறது. மேலே 'புதிதாக ரீமாஸ்டர் செய்யப்பட்டது' என்று ஒரு ஒட்டுச்சீட்டு. வாங்கலாமா? வாங்கினால் எதை முதலில் கேட்பது? வீட்டில் இருக்கும் பழைய சிடியைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: போடாதீர்கள். ஏன் என்பது நான்காம், ஐந்தாம் படிகளில் வரும்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் குழுவின் 'சாங்ஸ் ஃப்ரம் தி பிக் சேர்'. 1985 பிப்ரவரியில் வந்தது, எட்டே பாடல்கள். 1999இல் ஒரு ரீமாஸ்டர், 2006இல் இரண்டு சிடி டீலக்ஸ் பதிப்பு, 2014இல் நான்கு சிடியும் இரண்டு டிவிடியும் கொண்ட பெரிய பெட்டி என்று திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. இப்படிப் பல பிறவி எடுத்த ஆல்பத்தில்தான் எது எதனால் மாறுகிறது என்பது நன்றாகப் பிடிபடும்.

படி 1: மூன்று சொற்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

மறுவெளியீடு, ரீமாஸ்டர், ரீமிக்ஸ். ஒட்டுச்சீட்டில் மூன்றும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். வேலை என்று பார்த்தால் மூன்றும் வேறு வேறு.

ஸ்டுடியோவில் டிரம்ஸ், பேஸ், சின்தசைசர், குரல் எல்லாம் தனித்தனித் தடங்களில் பதிவாகின்றன. எண்பதுகளில் பெரும்பாலும் இரண்டு அங்குல அகல டேப்பில் 24 தடங்கள். அவற்றின் அளவையும் இடத்தையும் தீர்மானித்து, இடது வலது என்று இரண்டே தடங்களுக்குள் அடக்குவது மிக்ஸிங். அப்படி வந்த இரண்டு தட டேப்பை எடுத்து, ஒலியின் நிறத்தையும் பாடலுக்குப் பாடல் உள்ள அளவு வித்தியாசத்தையும் சரிசெய்து தட்டுக்குத் தயார் செய்வது மாஸ்டரிங். ரீமாஸ்டர் என்றால் இந்தக் கடைசி வேலையை மட்டும் மறுபடி செய்திருக்கிறார்கள். ரீமிக்ஸ் என்றால் 24 தடங்களுக்கே திரும்பிப் போயிருக்கிறார்கள். எடுத்த புகைப்படத்தின் வெளிச்சத்தைத் திருத்துவது ரீமாஸ்டர். படத்தில் நிற்பவர்களையே இடம் மாற்றி நிறுத்துவது ரீமிக்ஸ்.

2014 பெட்டியில் இரண்டும் உண்டு. ஸ்டீரியோ ஆல்பம் ரீமாஸ்டர். டிவிடியில் இருக்கும் 5.1 ஒலி (நம்மைச் சுற்றி வைத்த ஸ்பீக்கர்களில் கேட்கும் சரவுண்ட் ஒலி), இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் மூலத் தடங்களிலிருந்து புதிதாகச் செய்த மிக்ஸ். ஒன்று பிடித்து மற்றது பிடிக்காமல் போக எல்லா நியாயமும் இருக்கிறது. இதில் இன்னொரு சிக்கல்: எண்பதுகளில் 'ரீமிக்ஸ்' என்றாலே நடனக் கூடங்களுக்காக நீட்டிய 12 அங்குல சிங்கிள் (ஒரு பாடலுக்கென்றே வரும் வினைல் தட்டு) தான். பாடல் பட்டியலில் அந்தச் சொல்லைப் பார்த்தால், பக்கத்தில் வருடம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 1985 என்றால் அது அந்தக் காலத்துச் சரக்கு.

மறுவெளியீடு என்று மட்டும் போட்டிருந்தால், பழைய மாஸ்டரையே புது அட்டையில் போட்டிருக்கலாம். அது குறை ஆகாது. சில ஆல்பங்களுக்கு அதுதான் நல்லது.

படி 2: எந்த டேப்பிலிருந்து எடுத்தார்கள்?

எல்லாம் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. அவசரப்படாமல் பாருங்கள்.

ஒரு ஆல்பத்தின் மூல டேப் ஒன்றுதான். ஆனால் வெவ்வேறு நாடுகளில் தட்டு அச்சிடுவதற்காக அதிலிருந்து பிரதிகள் எடுத்து அனுப்பினார்கள். அனலாக் டேப்பில் ஒவ்வொரு பிரதியிலும் இரைச்சல் கொஞ்சம் கூடும், கூர்மை கொஞ்சம் மழுங்கும். அதோடு, வினைலில் வெட்டுவதற்கென்று தயாரான பிரதிகளில் பேஸையும் உச்ச ஒலிகளையும் வினைல் தாங்கும் அளவுக்குத் திருத்தியிருப்பார்கள். சிடி வந்தது 1982இல். ஆரம்ப வருடங்களில் கைக்கு அகப்பட்ட பிரதியிலிருந்தே சிடி அடித்த ஆல்பங்கள் பல. அப்படிப்பட்ட ஆல்பத்துக்கு மூல டேப்புக்குத் திரும்பிப் போன ரீமாஸ்டர் ஒரு வரம். திரை விலகியது போல இருக்கும்.

மறுபக்கமும் உண்டு. முதல் சிடி, டேப் புதிதாக இருந்தபோது எடுத்தது. இன்று அதே டேப்புக்கு நாற்பது வயது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஸ்டுடியோக்கள் நிறையப் பயன்படுத்திய ஆம்பெக்ஸ் 456 போன்ற டேப்களில் காந்தத் துகளைப் பிடித்துவைத்திருக்கும் பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் துகள் உரிந்து ஒலிமுனையில் ஒட்டும். அதனால் ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸ் சூட்டில் பல மணி நேரம் வைத்து ஈரத்தைப் போக்கிய பிறகே ஓட்டுகிறார்கள். அந்தப் பக்குவமும் நிரந்தரமில்லை. கொஞ்ச காலத்துக்குத்தான் டேப் தாங்கும். அந்த இடைவெளிக்குள் நல்ல கருவியில் ஓட்டி டிஜிட்டலுக்கு மாற்றிவிட வேண்டும். டால்பி இரைச்சல் குறைப்போடு பதிவான டேப் என்றால், தொடக்கத்தில் இருக்கும் சோதனைத் தொனிகளை வைத்து அளவு பொருத்தித்தான் ஓட்ட வேண்டும். அந்தப் பொருத்தம் பிசகினால் உச்ச ஒலிகள் மங்கும், அல்லது பல்லைக் கூசவைக்கும். ஒரு ரீமாஸ்டர் ஏன் இப்படி ஒலிக்கிறது என்று குழம்பும்போது, தவறு மாஸ்டரிங் மேசைக்கு முன்னாலேயே நடந்திருக்கலாம்.

டேப்பே இல்லாமல் போன கதைகளும் உண்டு. 2008 ஜூன் 1 அன்று யுனிவர்சல் ஸ்டுடியோஸ் ஹாலிவுட் வளாகத்தில் நடந்த தீவிபத்தில் பெருந்தொகையான மாஸ்டர் டேப்கள் அழிந்ததை 2019இல் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொண்டு வந்தது. மூலம் போய்விட்டால் பிரதிதான் கதி.

எண்பதுகளுக்கே உரிய இன்னொரு விஷயம், டிஜிட்டல் பதிவு அப்போதே தொடங்கிவிட்டது. டொனால்ட் ஃபேகனின் 1982 ஆல்பம் 3எம் நிறுவனத்தின் டிஜிட்டல் கருவியில் பதிவானது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' 1985இல் சோனியின் 24 தட டிஜிட்டல் கருவியில் வந்தது. அனலாக்கில் பதிவு செய்தவர்களிலும் பலர் கடைசி மிக்ஸை சோனி 1610, 1630 கருவிகள் வழியாக யூ-மேடிக் வீடியோ கேசட்டில் சேமித்தார்கள். அந்தக் கருவிகளின் அளவு 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது சிடியின் அளவேதான். அப்படிப்பட்ட மிக்ஸை '24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்' என்று விற்றால், 44.1இல் பாதியான 22.05 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அதில் இசை ஒன்றும் இருக்க முடியாது; டிஜிட்டல் பதிவு தாங்கும் உச்சம் அந்தப் பாதிதான். பெரிய பாத்திரத்தில் அதே அளவு தண்ணீர்தான். மூலத் தடங்களுக்குப் போய்ப் புதிதாக மிக்ஸ் செய்திருந்தால் கதை வேறு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. பழைய சிடியின் பின்னட்டையில் மூன்று எழுத்துக் குறி இருக்கிறதா பாருங்கள்: ஏ.ஏ.டி., ஏ.டி.டி., டி.டி.டி. முதல் எழுத்து பதிவு, இரண்டாவது மிக்ஸ், மூன்றாவது மாஸ்டர். ஏ என்றால் அனலாக், டி என்றால் டிஜிட்டல். நடு எழுத்து 'டி' என்றால் உயர் தெளிவு கோப்புக்கென்று கூடுதலாகச் செலவழிக்கும் முன் யோசியுங்கள். எல்லா சிடியிலும் இந்தக் குறி இருக்காது.

படி 3: யார் கை பட்டது?

சிற்றேட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். மாஸ்டரிங் செய்தவர் பெயர், ஸ்டுடியோ, வருடம், எந்த டேப் என்பது, இவை நான்கும் இருந்தால் நம்பிக்கை வருகிறது. பாடகி கேட் புஷ் தன் ஆல்பங்களை 2018இல் மறுபடி வெளியிட்டபோது ஒலிப்பொறியாளர் ஜேம்ஸ் கத்ரியோடு சேர்ந்து தானே ரீமாஸ்டர் செய்தார். பெயர் எதுவும் இல்லாமல் 'மூல டேப்களிலிருந்து' என்று மட்டும் மொட்டையாகப் போட்டிருந்தால், கேட்டுப் பார்க்காமல் வாங்க மாட்டேன்.

படி 4: சத்தத்தின் அளவைப் பாருங்கள்

தொண்ணூறுகளின் நடுவிலிருந்து ஒரு கெட்ட வழக்கம் வளர்ந்தது. பக்கத்துத் தட்டைவிட நம் தட்டு சத்தமாகக் கேட்க வேண்டும் என்ற போட்டி. சிடியில் ஒலிக்கு ஒரு கூரை உண்டு. அதற்கு மேலே போக வழியில்லை. அப்படியும் சத்தத்தைக் கூட்ட வேண்டுமென்றால் லிமிட்டர் வைத்துச் சிகரங்களை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் மேலே தூக்க வேண்டும். மெல்லியதும் உரத்ததும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். முதல் ஒரு நிமிடம் கேட்க அசத்தலாக இருக்கும். நாற்பது நிமிடம் கழித்துக் காது களைத்து, ஏனென்று தெரியாமலே நிறுத்திவிடுவோம்.

எண்பதுகளின் பாப் இசைக்கு இது கூடுதல் கேடு. காரணம் அதன் ஸ்னேர் டிரம். பீட்டர் கேப்ரியலின் 1980 ஆல்பத்துக்காக ஃபில் காலின்ஸ் வாசிக்க, ஹியூ பட்ஜம் பதிவு செய்தபோது ஒரு புது ஒலி பிறந்தது. அறையின் எதிரொலியை அமுக்கிப் பெரிதாக்கி, அது தானாக அடங்கும் முன் கத்தரித்துவிடுவது. 'டப்' என்று வெடித்து, அகலமாக விரிந்து, சட்டென்று வெட்டுப்படும். அந்தப் பத்தாண்டு முழுக்க அந்த ஒலிதான். அதன் அழகு, அடிக்கும் அதற்குப் பின் விழும் வெற்றிடத்துக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. லிமிட்டர் முதலில் தின்பது அந்த இடைவெளியை.

நீங்களே பார்க்கலாம். ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பழைய சிடியின் கோப்பையும் புதியதையும் மேலும் கீழுமாகத் திறந்துவையுங்கள். பழையதில் ஒவ்வொரு ஸ்னேர் அடியும் முள் போல எழுந்து நிற்கும், நடுவில் பள்ளங்கள் தெரியும். புதியது செங்கல் சுவர் போல இருந்தால் ஒரே ஒரு ஸ்னேர் அடியைப் பெரிதாக்கிப் பாருங்கள். நல்ல மாஸ்டரில் முனை கூராக ஏறி இறங்கும். நசுக்கியதில் பல அடிகளின் உச்சி கத்தரித்த வேலி மாதிரி ஒரே கோட்டில் தட்டையாக நிற்கும். கூரையைத் தொட்டதால் மட்டும் குற்றமில்லை. தொட்டபின் தட்டையாகிக் கிடப்பதுதான் குற்றம்.

டைனமிக் ரேஞ்ச் எண் என்று, சிகரங்களுக்கும் சராசரி சத்தத்துக்கும் உள்ள இடைவெளியைக் காட்டும் ஒன்றைச் சிலர் மேற்கோள் காட்டுவார்கள். 14 என்றால் நல்லது, 7 என்றால் மோசம் என்கிற மாதிரி. இரண்டு சிடிகளை ஒப்பிட அது உதவும். வினைலிலிருந்து பதிந்த கோப்புக்கு அந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும் என்பதால், சிடியையும் வினைலையும் அதை வைத்து எடைபோடாதீர்கள்.

படி 5: அளவைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் தவறவிட்டால் மற்றவை எல்லாம் வீண். இரண்டு ஒலிகளில் ஒரு டெசிபல் சத்தம் கூடுதலாக இருப்பது 'தெளிவானது' என்று காதுக்குத் தோன்றும். 'சத்தமானது' என்று தோன்றாது. ரீமாஸ்டர் பெரும்பாலும் சத்தமாகவே இருக்கும், ஆகவே முதல் கேட்பில் அதுதான் ஜெயிக்கும்.

இப்படிச் செய்யுங்கள். இரண்டு பதிப்பையும் இழப்பில்லாத ஃபிளாக் கோப்பாக மாற்றுங்கள். ஃபூபார்2000 மென்பொருளில் ரீப்ளேகெயின் ஸ்கேன் ஓடவிட்டால் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும். ஒரு பாடலில் முப்பது விநாடித் துண்டைத் தேர்ந்தெடுத்து, அதன் ஏ.பி.எக்ஸ். ஒப்பீட்டு வசதியில் எது எதுவென்று தெரியாமல் மாற்றி மாற்றிக் கேளுங்கள். 16 முறையில் 12 முறை சரியாகச் சொன்னால் உங்கள் காதுக்கு உண்மையிலேயே வித்தியாசம் தெரிகிறது. வெறும் ஊகத்தில் அப்படி அமைய நூற்றுக்கு நான்கு வாய்ப்புகூடக் கிடையாது. இரண்டு பதிப்பின் வேகம் மிகச் சிறிதளவு வேறுபடலாம். அதையே பிடித்துக்கொண்டு சரியாகச் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதைக் கேட்பது? நான் முதலில் போவது பாடல் மெல்ல மங்கி மறையும் கடைசி இருபது விநாடிக்கு. ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிக் கேட்டால், நல்ல மாஸ்டரில் இசை இறங்க இறங்க டேப்பின் 'ஸ்ஸ்' இரைச்சலும் கூடவே இறங்கும். குரலின் எதிரொலி அந்த இரைச்சலுக்குள் கரைந்து போவது வரை காதால் பின்தொடரலாம். இரைச்சல் நீக்கும் மென்பொருளை அளவுக்கு மீறி ஓட்டியிருந்தால், எதிரொலி கரைவதற்கு முன்பே பின்னணி மொட்டையாக அடங்கிவிடும். அறை இருந்த இடத்தில் வெறுமை. டேப் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும் என்றே நான் சொல்வேன்.

அடுத்து யமஹா டி.எக்ஸ்.7 சின்தசைசரின் மணி போன்ற பியானோ ஒலி. 1983க்குப் பிறகு வந்த பாப் பாடல்களில் அது இல்லாத இடம் குறைவு. உச்ச ஒலிகளைக் கூட்டியிருந்தால் அது கண்ணாடி கீறுவது போலாகும். பாடகர் 'ஸ' சொல்லும் இடங்களிலும் அப்படித்தான். பிறகு கிக் டிரம்மும் சின்தசைசர் பேஸும் ஒன்றாக வரும் இடம். இரண்டும் தனித்தனியாகக் கேட்கிறதா, ஒரே உறுமலாகக் கலந்துவிட்டதா?

ஒரு பொறி இருக்கிறது. ஆரம்பகாலச் சிடிகள் சிலவற்றில் பிரீ-எம்ஃபசிஸ் என்று, உச்ச ஒலிகளைக் கூட்டிப் பதிந்து பிளேயரில் குறைத்துக்கொள்ளும் முறை இருந்தது. கணினியில் பிரதி எடுக்கும்போது அந்தக் குறைப்பு நடக்காமல் போனால் பழைய சிடி கீச்சிடும். 'பழையது இவ்வளவு மோசமா, ரீமாஸ்டர் எவ்வளவோ மேல்' என்று தப்புக் கணக்குப் போட்டுவிடுவோம். சந்தேகமாக இருந்தால் நல்ல பழைய சிடி பிளேயரில் நேரடியாகப் போட்டுக் கேளுங்கள்.

படி 6: இரண்டாவது தட்டு

மனதைத் திறந்து சொன்னால், டீலக்ஸ் பெட்டியை நான் வாங்குவதே இதற்காகத்தான். எண்பதுகளில் ஒரு ஆல்பம் என்பது ஆல்பத்தோடு முடிவதில்லை. அதைச் சுற்றி 7 அங்குல சிங்கிள்கள், 12 அங்குல நீட்டல்கள், சிங்கிளின் பின்பக்கத்துக்கென்றே எழுதிய பாடல்கள் இருந்தன. ஆல்பத்தின் சிடியில் சேர்க்கப்படாமல் அவற்றில் பல அப்படியே காணாமல் போயின. பெட் ஷாப் பாய்ஸ் 2001இல் தங்கள் ஆல்பங்களை மறுவெளியீடு செய்தபோது ஒவ்வொன்றோடும் ஒரு முழுத் தட்டு நிறைய இவற்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பிரின்ஸின் '1999' ஆல்பத்துக்கு 2019இல் வந்த பெட்டியில் அவர் வெளியிடாமல் வைத்திருந்த பாடல்களே தட்டுத் தட்டாக இருக்கின்றன.

வாங்கும் முன் நேரத்தை ஒப்பிடுங்கள். பழைய 12 அங்குல சிங்கிளில் ஏழு நிமிடம் என்று இருந்தது பெட்டியில் ஐந்தரை நிமிடம் என்றால், அது வேறு வெட்டு. மூல ஆல்பத்துக்கும் இதே சோதனை உண்டு. 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' சிடியில் பல பாடல்கள் வினைலில் இருப்பதைவிட நீளம், ஏனென்றால் வினைலின் ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் திணித்தால் ஒலி குன்றும். மறுவெளியீட்டில் எந்த நீளம் வருகிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

நான் பல வருடம் தேடிய ஒரு பின்பக்கப் பாடல் ஒரு பெட்டியில் வந்திருந்தது. ஆவலோடு ஹெட்போனை மாட்டினேன். பாடல் தொடங்கும் முன்பே ஊசி பள்ளத்தில் இறங்கும் சத்தம். டேப் கிடைக்காமல் வினைலிலிருந்து எடுத்திருக்கிறார்கள். சிற்றேட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பாடல் கிடைத்த சந்தோஷம் பெரிதுதான், ஆனால் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் எனக்கு வருத்தமே இருந்திருக்காது. இப்போதெல்லாம் கூடுதல் பாடல்களின் முதல் இரண்டு விநாடியைக் கேட்காமல் எந்தப் பெட்டியையும் நான் மெச்சுவதில்லை.

படி 7: 5.1 தட்டும் வினைலும்

சரவுண்ட் ஸ்பீக்கர் இல்லாதவர்கள் இந்தத் தட்டை விட்டுவிடலாம் என்று நினைப்பார்கள். ப்ளூ-ரேயில் சில நேரம் புது ஸ்டீரியோ மிக்ஸும் சேர்ந்திருக்கும், பட்டியலைப் பாருங்கள். டிவிடி வீடியோவில் 5.1 ஒலி பெரும்பாலும் சுருக்கப்பட்டு வரும், ப்ளூ-ரேயில் இழப்பில்லாமல் வரும். இரண்டும் கிடைத்தால் ப்ளூ-ரே.

வினைல் மறுவெளியீட்டில் 'முழுக்க அனலாக்' என்ற வாசகத்துக்கு மயங்க வேண்டாம். மூல டேப்பிலிருந்து எடுப்பதாகப் பேர்பெற்ற மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் பல தட்டுகளில் நடுவே ஒரு டிஜிட்டல் கட்டம் இருந்தது 2022இல்தான் வெளியே வந்தது. அதுவரை அந்தத் தட்டுகளைக் காதால் கேட்டு மெச்சியவர்கள் ஏராளம். நல்ல மாஸ்டரிலிருந்து கவனமாக வெட்டியிருக்கிறார்களா என்பதே முக்கியம்.

படி 8: முதல் வாரத்திலேயே சோதித்துவிடுங்கள்

எல்லாத் தட்டையும் ஒருமுறை முழுக்க ஓட்டுங்கள். பாடலின் முதல் அரை விநாடி வெட்டுப்பட்டிருப்பது, இடது வலது மாறியிருப்பது, ஒன்றோடொன்று ஒட்டி ஓட வேண்டிய இரண்டு பாடல்களுக்கு நடுவே இடைவெளி விழுவது, நடுவில் ஒலி ஒரு கணம் விட்டுப்போவது, இவையெல்லாம் நடக்கின்றன. திருத்திய தட்டு தருவதற்கு நிறுவனங்கள் சில மாதங்களே அவகாசம் கொடுக்கும். குறையை நேரம் குறித்து எழுதுங்கள்: இத்தனையாவது தட்டு, இத்தனையாவது பாடல், இத்தனை நிமிடம் இத்தனை விநாடி.

பழைய சிடியைப் பெட்டிக்குள்ளேயே இடம் பண்ணி வையுங்கள். உள்வட்டத்தில் பொடியாக ஐ.எஃப்.பி.ஐ. (இசைப்பதிவு நிறுவனங்களின் உலக அமைப்பு) என்று ஆங்கில எழுத்தில் பொறித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அந்தக் குறி 1994இல்தான் வந்தது. அது இல்லாவிட்டால் பெரும்பாலும் அதற்கு முந்தைய அச்சு, லிமிட்டர் போட்டிக்கு முன் பிறந்தது.

பிறகு ஒரு மாலை, ஒப்பீடு எதுவும் இல்லாமல், ஆல்பத்தை அதன் மூல வரிசையில் கேளுங்கள். 'சாங்ஸ் ஃப்ரம் தி பிக் சேர்' ஆல்பத்தின் 1999 பதிப்பு போல ஒரே தட்டில் கூடுதல் பாடல்கள் தொடர்ந்து வரும் என்றால், பிளேயரை எட்டாவது பாடலோடு நிற்கும்படி வைத்துவிடுங்கள். 1985இல் அந்த ஆல்பம் அங்கேதான் முடிந்தது. எட்டாவது பாடல் தேய்ந்து அடங்கியதும் கொஞ்ச நேரம் அப்படியே இருங்கள். இரண்டாவது தட்டை அதன் பிறகு எடுக்கலாம்.